அடித்தாலும் வாசிக்கத் தெரியணும்

பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதத்தில் வேதியியலுக்கு இரண்டு நோட்டு வாங்கச் சொன்னார்கள். ஒன்று ரெக்கார்டு. கெட்டி அட்டை, முதல் தாளில் தலைமையாசிரியர் கையெழுத்துக்குக் காத்திருக்கும் சான்றிதழ், அடுத்து பொருளடக்கம், பிறகு இடப்பக்கம் வெள்ளைத் தாளும் வலப்பக்கம் கோடு போட்ட தாளுமாகப் போகும். வெள்ளையில் பென்சிலால் படமும் அட்டவணையும். கோட்டில் மையால் நோக்கம், தத்துவம், செய்முறை, முடிவு. வீட்டில் அதற்குப் பிரவுன் தாள் அட்டை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை, லேபிளில் அக்காவின் குண்டு எழுத்து. அம்மா அதைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துக் குங்குமம் வைத்துத்தான் கையில் கொடுத்தாள்.

மற்றது அப்சர்வேஷன் நோட்டு. அதற்கு யாரும் குங்குமம் வைக்கவில்லை. சாதாரண நீள நோட்டு, அவ்வளவுதான்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. 1978இல் பிளஸ் டூ முறை வந்த கையோடு கட்டிய ஆய்வுக்கூடம் அது. எண்பதுகளின் கடைசியில் நாங்கள் போனபோதே மேசைகள் அமிலம் தின்று குழி குழியாகக் கிடந்தன. ஒவ்வொரு மேசையின் நடுவிலும் இரண்டடுக்கு அலமாரி, அதில் வினைப்பொருள் குப்பிகள், ஓரத்தில் பீங்கான் தொட்டி. கேஸ் அடுப்பெல்லாம் கிடையாது, ஸ்பிரிட் விளக்குதான். ஹைட்ரஜன் சல்ஃபைடு தயாரிக்கும் கிப் உபகரணத்தை உள்ளே வைத்தால் பக்கத்து வகுப்பு எழுந்து ஓடிவிடும் என்று பின்வராந்தாவில் வேப்பமரத்தடியை ஒட்டி வைத்திருந்தார்கள். இரும்பு சல்ஃபைடு கட்டிகள் மேல் நீர்த்த சல்ஃபியூரிக் அமிலம் ஏறி இறங்கும். உப்புப் பகுப்பாய்வு நடக்கும் நாளில் தெருவுக்கே அழுகிய முட்டை நாற்றம். டீக்கடைக்காரர், “இன்னைக்கு உங்களுக்கு லேப்பாடே?” என்று கேட்பார்.

முதல் வகுப்பில் சார் எந்தக் குப்பியையும் தொடவிடவில்லை. அப்சர்வேஷன் நோட்டைத் திறக்கச் சொல்லி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை எல்லாப் பக்கத்துக்கும் எண் போடச் சொன்னார். வகுப்பு முழுக்க முணுமுணுப்பு. ஆசிட், வெடி, புகை என்று கனவோடு வந்தவர்களை உட்கார வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுத வைத்தால் எப்படி இருக்கும்? எழுதி முடித்த பிறகு சட்டங்களைச் சொன்னார். தாள் கிழிக்கக் கூடாது. பென்சில் கூடாது, ரப்பர் லேப்புக்குள்ளேயே வரக் கூடாது. தேதி போடாமல் ஒரு வரி எழுதக் கூடாது. துண்டுச் சீட்டில் எழுதி அப்புறம் ஏற்றுவது, உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருவது இரண்டும் அறவே கூடாது. தப்பாகிவிட்டால் ஒரே ஒரு கோடு. “அடிச்சாலும் அடியில என்ன எழுதிருந்தன்னு எனக்கு வாசிக்கத் தெரியணும், கேட்டியா?”

உள்ளங்கை விஷயத்தில்தான் நிறையப் பேர் மாட்டினார்கள். பியூரெட் அளவைப் பார்த்ததும் பக்கத்தில் நோட்டு இருக்காது. கையில் கிறுக்கிவிட்டு, அடுத்த அளவுக்குக் குடுவையைக் கழுவும்போது கையையும் சேர்த்துக் கழுவிவிடுவார்கள். சார் அதட்ட மாட்டார். “கையில எழுதினது போயிட்டா? அப்ப அந்த டைட்ரேஷனும் போயிட்டு. திரும்பச் செய்” என்பார்.

அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. நோட்டு முழுக்கப் பக்க எண் போட்டிருப்பதை அன்று ராத்திரி பார்த்தவர், வேதியியல் இன்னதென்று தெரியாமலே, “உங்க வாத்தியாரு வெவரமான ஆளுதான்” என்றார். கடையில் சிட்டை என்று ஒன்று உண்டு. விற்றது, வாங்கியது, கைமாற்று, கூலி எல்லாம் நடந்த வரிசையில் அன்றன்றைக்கே அதில் ஏறும். பிறகு ஆற அமர உட்கார்ந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிவார்கள். பேரேட்டின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிட்டையின் பக்க எண் இருக்கும். “வரி ஆபீசரு வந்தா பேரேட்ட புரட்டிப் பாத்து நல்லாருக்கும்பாரு. சந்தேகம்னு வந்துட்டா சிட்டையத்தான் கேப்பாரு. அதுல ஒரு தாள் குறைஞ்சாலும், எங்கயாவது சுரண்டியிருந்தாலும் மொதலாளிக்கு வேர்த்துரும்” என்றார். அக்காவின் குண்டு எழுத்தோடு இருந்த ரெக்கார்டை அவர் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

நோட்டில் உப்புப் பகுப்பாய்வுக்கு மூன்று பத்தி கட்ட வேண்டும். சோதனை, காண்பது, அறிவது. கேட்பதற்குச் சுலபம். ஆனால் முதல் மாதம் பூராவும் நடுப்பத்தியில்தான் சிவப்பு மை ஓடியது. உப்பில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் நுரைத்துப் பொங்குகிறது. வரும் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் பால் போல் வெளுக்கிறது. எல்லாரும் நடுப்பத்தியில் “கார்பன் டை ஆக்சைடு வெளிவருகிறது” என்று எழுதியிருந்தோம். ஏற்கெனவே தெரிந்த விஷயம்தானே!

“ஏல, நீ கார்பன் டை ஆக்சைட பாத்தியா? எங்க, எனக்குக் காட்டு. நுரைச்சத பாத்த. சுண்ணாம்புத் தண்ணி வெளுத்தத பாத்த. மோந்தா நெடி இல்ல. அத எழுது. கண்ணு பாத்தது நடுவுல, புத்தி சொன்னது கடைசில. ரெண்டையும் போட்டுக் கலக்காத.”

வெறும் பிடிவாதம் என்றுதான் முதலில் பட்டது. பிறகு ஒருநாள் சல்ஃபைட் உப்பு கொடுத்தார். அதிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரை வெளுக்கவைக்கும். ஆனால் மூக்கில் ஏறி மூச்சை அடைக்கும். ‘நெடியற்ற’ என்ற ஒரு சொல்லை நடுப்பத்தியில் எழுதிப் பழகாதவர்கள் அன்று வரிசையாகக் கார்பனேட் என்று முடிவெழுதி நின்றார்கள். இருமிக்கொண்டே கார்பனேட் என்று எழுதியவர்களும் உண்டு. சார் அன்று சிவப்பு மையை எடுக்கவே இல்லை. அவர்கள் பக்கத்தில் நின்று அந்த இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நடுப்பத்தி எனக்குப் பிடித்துப்போனது காரீய உப்பு வந்த அன்றைக்கு. கரைசலில் பொட்டாசியம் அயோடைடு விட்டதும் மஞ்சளாக வீழ்படிவு இறங்கியது. அதைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் மஞ்சள் முழுதும் கரைந்து நிறமே இல்லாத நீராகிவிடுகிறது. அந்தக் குழாயை அப்படியே தொட்டித் தண்ணீரில் நனைத்துக் குளிரவைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு மினுக்கல், இன்னொன்று, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாய் நெடுக மெல்லிய பொன்தகடுகள். சன்னல் வெயிலில் திருப்பினால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புரண்டு, மின்னி, மெதுவாக அடியில் இறங்கியது. கைடில் ‘பொன்மஞ்சள் துகள்கள்’ என்று இரண்டே சொல்தான். நான் அரைப்பக்கம் எழுதியிருந்தேன். சார் வாசித்துவிட்டு, ஓரத்தில் ‘சரி’ என்று மட்டும் போட்டார். ரெக்கார்டில் ஏறும்போது அது மறுபடி இரண்டு சொல்லாகிவிட்டது.

நைட்ரேட்டுக்கான பழுப்பு வளையம் வேறு மாதிரி. உப்புக் கரைசலோடு அப்போதுதான் தயாரித்த ஃபெரஸ் சல்ஃபேட்டைச் சேர்த்து, குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் சல்ஃபியூரிக் அமிலத்தைச் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அமிலம் அடியில் தங்கி, இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் விழும். யாராவது மேசையை இடித்தால் போச்சு, கலைந்துவிடும். சாரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று குழாயோடு நடந்து போய், அவர் முன்னால் நிற்கும்போது வளையம் இல்லாமல் விழித்தவர்கள் பல பேர். அதனால்தானோ என்னவோ, பார்த்த நேரத்தையும் பக்கத்தில் இருந்தவர் பெயரையும் எழுதிக்கொள்ளச் சொன்னார். நீதிமன்றம் மாதிரி இருக்கிறதே என்று சிரித்தோம்.

பருமனறி பகுப்பாய்வில் எங்கள் சீனியர்களுக்கு ஒரு குறுக்குவழி இருந்தது. வி ஒன் என் ஒன் ஈக்வல் டு வி டூ என் டூ. விடை தெரிந்தால் பியூரெட் அளவைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டுவிடலாம். முந்தைய வருஷ ரெக்கார்டு கையில் இருந்தால் பியூரெட்டையே தொட வேண்டாம். சாருக்கு இது தெரியும். அதனால் ஒவ்வொரு மேசைக்கும் வேறு வேறு திறனில் கரைசல் வைப்பார். எந்த மேசைக்கு எது என்பது இரண்டே பேருக்குத் தெரியும்: அவருக்கும், லேப் அட்டெண்டர் அண்ணாச்சிக்கும்.

அண்ணாச்சியின் நோட்டைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். அலமாரிக்குப் பின்னால் ஆணியில் சணல் கட்டித் தொங்கும் அந்த நீள நோட்டில், என்றைக்கு எந்தக் கரைசல், எத்தனை கிராம் நிறுத்து எத்தனை லிட்டரில் கரைத்தது, எந்தக் குப்பியில் ஊற்றியது என்று தமிழிலேயே எழுதியிருப்பார். ‘ஆக்சாலிக் 6.3, ஒரு லிட்டர்.’ ‘பெர்மாங்கனேட் 3.16, ஒரு லிட்டர், கறுப்புக் குப்பி.’ ‘மோர் உப்பு 39.2, ஆசிட் சேத்தாச்சு.’ மூன்றும் பத்தில் ஒரு பங்கு நார்மல் கரைசலுக்கான எடைகள். சமான எடை, மூலக்கூறு எடை எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனால் தராசில் 6.3க்குப் பதில் 6.4 விழுந்துவிட்டால் 6.4 என்றே எழுதுவார். சார் அந்த எண்ணை வைத்து விடையைத் திருத்திக்கொள்வார். உடைந்த சோதனைக்குழாய்க்கும் பிப்பெட்டுக்கும் தனிப் பட்டியல், அதில் எங்கள் பெயர்கள், வசூலிக்க வேண்டிய காசு. முறுக்கும் டீயும் வாங்கிக் கொடுத்து அவரிடமிருந்து கரைசலின் திறனைக் கறக்கப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அண்ணாச்சி முறுக்கைத் தின்றுவிட்டு, டீயையும் குடித்துவிட்டு, “நல்லாப் பாத்து செய்யுங்கடே, தானா வரும்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

பெர்மாங்கனேட் பட்ட விரல் பழுப்பாகிவிடும். அவரிடம் காட்டினால் துளி ஆக்சாலிக் அமிலம் தொட்டுத் தேய்த்துப் போக்கிவிடுவார். சில்வர் நைட்ரேட் கறைக்கு அவரிடமும் மருந்து கிடையாது. பட்டபோது ஒன்றும் தெரியாது, வெயிலில் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கறுத்திருக்கும். தோல் உரிந்துதான் போகும். நோட்டுத் தாளிலும் அதே கதைதான். என் அப்சர்வேஷன் நோட்டில் சில பக்கங்களை மூடி வைத்துத் திறந்தால் புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி முளைத்திருக்கும்.

ஒருநாள் ஆக்சாலிக் அமிலத்தைப் பெர்மாங்கனேட்டோடு தரம்பார்க்கும் சோதனை. எங்கள் மேசையில் எனக்கு எதிரே இருந்த பையனுக்கு முதல் அளவு 19.9 வந்தது. அடுத்த இரண்டும் 19.4. முதல் எண் இடைஞ்சலாக இருந்ததால், லேப்புக்கு வரக் கூடாத ரப்பரை டவுசர் பையிலிருந்து எடுத்தான். மைக்கு அது எதற்கு உதவும் என்று நினைத்தானோ, தேய்க்க ஆரம்பித்தான். சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

“அழிக்காதல. ஒத்தக் கோடு போடு. பியூரெட்டு மூக்கப் பாத்தியா மொதல்ல?”

அவன் பார்க்கவில்லை. நிரப்பும்போது அடைப்புக் குழாய்க்குக் கீழே நுனியில் காற்றுக்குமிழி தங்கியிருந்திருக்கும். திறந்துவிட்டதும் குமிழி வெளியேறி, அந்த இடத்தைக் கரைசல் நிரப்புகிறது. குடுவைக்குப் போகாத கரைசலும் கணக்கில் ஏறி, அளவு அரை மில்லி கூடிவிடுகிறது. அவன் அடித்த எண்ணுக்குப் பக்கத்தில் ‘நுனியில் குமிழி இருந்திருக்கலாம்’ என்று எழுத வைத்தார். ‘இருந்தது’ என்று அவன் எழுதப் போக, “நீ பாக்கலியே” என்று ‘இருந்திருக்கலாம்’ ஆக்கியவரும் அவரே.

குமிழி என்றதும் சாருக்கு ஒரு கதை ஞாபகம் வந்துவிட்டது. பியூரெட்டுகளை மூடச் சொன்னார். லண்டனில் ஹென்றி காவெண்டிஷ் என்று ஒரு பணக்காரர், மகா கூச்ச சுபாவி. வீட்டு வேலைக்காரர்களிடம்கூடச் சீட்டு எழுதிவைத்துத்தான் சாப்பாடு சொல்வாராம். 1785இல் அவர் காற்றோடு ஆக்சிஜனைக் கலந்து மின்பொறி பாய்ச்சிப் பாய்ச்சி, அதிலுள்ள நைட்ரஜனை எல்லாம் காரத்தில் கரையவைக்கப் பார்த்தார். மிச்ச ஆக்சிஜனையும் நீக்கினார். எவ்வளவு செய்தும் கடைசியில் ஒரு சின்னக் குமிழி கரையாமல் நின்றுவிட்டது. எடுத்த நைட்ரஜனில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று அளவு போட்டு எழுதிவைத்துவிட்டார். அது என்னவென்று அவருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நூறு வருஷம் அது அப்படியே தாளில் கிடந்தது.

பிறகு ராலே பிரபு. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம், வேதிப்பொருள்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் 1.2505 கிராம். வித்தியாசம் மூன்றாம் தசம இடத்தில். எங்கள் மேசைப் பையனாக இருந்தால் ரப்பரை எடுத்திருப்பான் என்று சார் சொன்னதும் வகுப்பே சிரித்தது. ராலே 1892இல் இதை ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிப்போட்டு, யாருக்காவது காரணம் தெரியுமா என்று கேட்டார். வில்லியம் ராம்சே சேர்ந்துகொண்டார். 1894இல் இரண்டு பேரும் புதிய வாயுவை அறிவித்தார்கள். ஆர்கான். காற்றில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்கு. காவெண்டிஷின் குமிழியும் அதுவேதான். 1904இல் ராலேவுக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு.

கதை முடியும்போது மணி அடித்துவிட்டது. அன்றைய டைட்ரேஷன் எங்கள் மேசையில் யாருக்கும் முடியவில்லை. அண்ணாச்சிதான் முனகிக்கொண்டே எல்லாப் பியூரெட்டையும் கழுவினார்.

காவெண்டிஷ் பற்றி இன்னொன்றைக் கல்லூரி நூலகத்தில்தான் வாசித்தேன். மின்னியல் பற்றி அவர் செய்துபார்த்தவற்றில் பெரும்பகுதியை வெளியிடாமலே 1810இல் இறந்துபோனார். அந்தக் கையெழுத்துக் கட்டுகளை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் எடுத்துச் சீர்செய்து 1879இல் புத்தகமாக்கினார். பிற்பாடு கூலோம், ஓம் என்று மற்றவர்கள் பெயரில் நாம் படித்த விதிகள் அந்தத் தாள்களில் ஏற்கெனவே இருந்தன. மின்னோட்டத்தை அளக்கக் கருவி இல்லாத காலம். தன் உடம்பிலேயே அதிர்ச்சியை வாங்கி, எது பலமாக அடித்தது என்று எழுதியிருக்கிறார். எங்கள் நடுப்பத்தி, அதைவிடக் கொஞ்சம் வலியோடு.

ரெக்கார்டு எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. மொட்டைமாடியில் பாய் விரித்து, ஸ்கேல், பென்சில், நீல மை, கறுப்பு மை எல்லாம் பரப்பி எழுதுவோம். ஓர் எழுத்து பிசகினால் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து. ரெக்கார்டில் எந்தக் குமிழியும் கிடையாது. எல்லாக் கரைசலும் ஒழுங்காக நடந்துகொள்ளும், எல்லா வீழ்படிவும் முதல் தடவையிலேயே விழும். அழகான எழுத்துக்குப் பெயர்போன ஒரு பெண்ணின் ரெக்கார்டு மாவட்டம் முழுக்கச் சுற்றியது என்பார்கள். அதைக் குறை சொல்லவில்லை. செய்ததை இன்னொருவருக்குப் புரியும்படி வரிசையாகச் சொல்ல அதுதான் பழக்கியது. ஆனால் அதற்கென்று தனி மார்க் வைத்து, அப்சர்வேஷன் நோட்டுக்கு ஒன்றுமே வைக்காத ஏற்பாடு அன்றும் எனக்கு உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. எங்கள் சார் தன்னால் முடிந்ததைச் செய்தார். ரெக்கார்டின் ஒவ்வொரு சோதனைக்கும் அடியில் அப்சர்வேஷன் நோட்டின் பக்க எண் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டார். அப்பாவிடம் சொன்னபோது, “பேரேடு!” என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

பொதுத்தேர்வில் வந்த வெளித்தேர்வாளர் ரெக்கார்டை இரண்டு புரட்டுப் புரட்டிக் கையெழுத்திட்டுத் தள்ளினார். அடியில் இருந்த எண்கள் எதற்கென்று அவர் கேட்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் எதிர்வீட்டுப் பையன் வந்தான். அந்த வருஷம் பிளஸ் ஒன்னிலிருந்து பிளஸ் டூ போகிறவன், வேறு பள்ளி. “அண்ணே, ரெக்கார்டு வேணும்” என்றான். இரண்டையும் கொடுத்தேன். அப்சர்வேஷன் நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது எதுக்குண்ணே? ஒரே கறையா இருக்கு” என்று திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

ஜூலையில் திரும்பி வந்தான். பெர்மாங்கனேட் சரியாக வரவில்லை, குடுவையில் பழுப்பாகக் கலங்கிவிடுகிறதாம். “அறுபதுலருந்து எழுபது டிகிரின்னு உங்க ரெக்கார்டுல போட்டிருக்கு. எங்க லேப்புல தெர்மாமீட்டரே கிடையாதுண்ணே, எப்படித்தான் பாக்கது?”

ரெக்கார்டில் அந்தச் சோதனைக்கு அடியில் இருந்த எண்ணைக் காட்டி, கறை நோட்டில் அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னேன். ஊதாப் புள்ளிகளுக்கு நடுவே எழுதியிருந்ததை அவனே சத்தமாக வாசித்தான். குடுவையின் கழுத்தில் ஆவி படிய வேண்டும், அடியில் கை வைத்தால் பொறுக்காத சூடு வேண்டும், ஆனால் கொதிக்கவிடக் கூடாது. முதல் சொட்டின் நிறம் சட்டென்று போகாது, போகும் வரை பொறுத்துத்தான் அடுத்த சொட்டு; பிறகு வேகம் பிடிக்கும். பழுப்பாகக் கலங்கினால் சூடு போதவில்லை, அல்லது அவசரப்பட்டிருக்கிறோம். நிறம் அடர்த்தியாக இருப்பதால் பியூரெட்டில் மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும்.

“இதையெல்லாம் ரெக்கார்டுல எழுதக் கூடாதாண்ணே?” என்றான்.

“எழுதினா சார் அடிச்சிருவாரு. செய்முறையில ‘சூடேற்றப்பட்டது’ன்னுதான் இருக்கணும்.”

அவன் இரண்டு நோட்டையும் சைக்கிள் கேரியரில் வைத்தான், கறை நோட்டை மேலே.